நீல நிறம் சொன்ன செய்தி

புக்கிட் மேரா வட்டாரத்தின் ஊட்ரம் பகுதியில் சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை அமைந்துள்ளது. பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட ஒருவரை இத்தகைய மருத்துவமனைக்குக் கொண்டுவந்தால், அங்குள்ளவர்கள் ஒரு நிமிடத்தைக்கூட வீணாக்க மாட்டார்கள். மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயை இரத்தக் கட்டி அடைத்திருந்தால், அதைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். அந்த அவசரத்திலும் மருத்துவர்கள் ஒரு சோதனையைத் தவிர்ப்பதில்லை. நோயாளியின் விரல் நுனியில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு இரத்தம் எடுத்து, அதில் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறார்கள்.

அதற்குக் காரணம் உண்டு. இரத்தத்தில் சர்க்கரை மிகவும் குறைந்துவிட்டால், பக்கவாதம் போன்ற அறிகுறிகளே தோன்றலாம். சர்க்கரை மிக அதிகமாக இருந்தால், அடைப்பை நீக்கிய பிறகும் மூளை தேறி வருவது கடினமாகலாம். பேச முடியாமல் படுத்திருக்கும் நோயாளி இவற்றையெல்லாம் சொல்ல முடியாது. அவருக்காக அவருடைய இரத்தம் பேசுகிறது.

இரத்தம் பேசும் அந்த மொழியை மனிதர்கள் கற்றுக்கொண்டு ஏறத்தாழ நூறு ஆண்டுகள்தான் ஆகின்றன. அதைக் கற்றுக்கொடுத்தவர்களுள் ஒருவர், சென்னையில் மருத்துவம் படித்து, கையில் அதிகப் பணமில்லாமல் கடல் கடந்து சென்ற ஓர் இளைஞர். அவர் பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

பீமவரத்துச் சிறுவன்

சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள் பீமவரம் என்னும் ஊரில் பிறந்தார். அந்த ஊர் அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. இப்போது ஆந்திரப் பிரதேசத்தில் உள்ளது. தந்தை ஜெகந்நாதம் அரசாங்க வருவாய்த்துறையில் பணியாற்றியவர். உடல்நலம் குன்றியதால் அவர் வேலையிலிருந்து முன்கூட்டியே விலக நேர்ந்தது. பிள்ளைகள் பலர் இருந்த அந்தக் குடும்பத்தை வறுமை சூழ்ந்தது.

சிறுவன் சுப்பாராவுக்குப் படிப்பில் மனம் செல்லவில்லை. எப்படியாவது பணம் சம்பாதித்துவிட வேண்டும் என்று நினைத்தார். காசிக்குப் போய் அங்கு வரும் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்கலாம் என்று எண்ணி, உறவுக்காரப் பையன் ஒருவனுடன் வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டார். தாய் வெங்கம்மா விடவில்லை. மகனைத் திரும்ப அழைத்து வரச் செய்து மீண்டும் பள்ளிக்கு அனுப்பினார். மெட்ரிகுலேஷன் தேர்வில் சுப்பாராவ் இரண்டு முறை தோல்வியடைந்தார். அப்போதும் தாய் மனம் தளரவில்லை. தம் நகைகளை விற்று, மகனைச் சென்னைக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துத் தேர்வு எழுதிய சுப்பாராவ், மூன்றாம் முயற்சியில் வெற்றி பெற்றார்.

அடுத்து அவர் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே படித்தபோது இராமகிருஷ்ண மடத்தின் பணிகள் அவரை ஈர்த்தன. துறவியாகித் தொண்டு செய்ய வேண்டும் என்று விரும்பினார். தாயின் சம்மதம் இல்லாமல் மடத்தினர் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. தாயோ அதற்கு இசையவில்லை. மருத்துவம் படித்தாலும் மக்களுக்குத் தொண்டு செய்யலாமே என்று மடத்துப் பெரியவர்கள் அவருக்கு வழிகாட்டினார்கள். அந்த அறிவுரையை ஏற்றுச் சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

கதராடையும் பட்டமும்

மருத்துவப் படிப்புக்கு நிறையச் செலவானது. நண்பர்கள் உதவினார்கள். கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தி என்பவரும் பொருளுதவி செய்தார். 1919இல் அவருடைய மகள் சேஷகிரியைச் சுப்பாராவ் மணந்துகொண்டார்.

அது இந்திய விடுதலைப் போராட்டம் வேகம் பெற்றிருந்த காலம். அந்நியத் துணிகளை விலக்கிக் கதர் அணியும்படி காந்தியடிகள் மக்களைக் கேட்டுக்கொண்டார். சுப்பாராவ் அறுவை சிகிச்சைக் கூடத்துக்கும் கதராடையே அணிந்து சென்றார். அறுவை சிகிச்சைத் துறையின் ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. படிப்பு முடிந்தபோது, சுப்பாராவுக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதைவிடத் தாழ்ந்ததாகக் கருதப்பட்ட எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு அரசாங்க மருத்துவப் பணியில் சேரவும் முடியவில்லை. சென்னையில் இருந்த ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் உடற்கூற்றியல் விரிவுரையாளராக வேலைக்குச் சேர்ந்தார்.

இரண்டு மரணங்கள்

இந்தக் காலத்தில்தான் அவருடைய வாழ்வின் திசையை மாற்றிய துயரம் நேர்ந்தது. அவருடைய சகோதரர்கள் இருவர் 1921இல் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். இருவரையும் கொண்டுசென்றது ஸ்புரு என்னும் வெப்பமண்டலக் குடல் நோய். அந்த நோய் வந்தவருக்கு ஓயாமல் வயிற்றுப்போக்கு ஏற்படும், நாக்கு புண்ணாகும், உண்ணும் உணவிலுள்ள சத்துகள் உடலில் சேராமல் போகும். நாளடைவில் இரத்தம் குறைந்து, உடல் மெலிந்து, நோயாளி எழுந்து நடக்கவும் வலுவில்லாமல் போவார். அந்த நோய்க்கு அன்றைய நவீன மருத்துவத்தில் மருந்து இல்லை.

சுப்பாராவையும் அதே நோய் பிடித்தது. ஆயுர்வேத மருத்துவர் ஆச்சண்ட லட்சுமிபதி அளித்த சிகிச்சையால் அவர் பிழைத்துக்கொண்டார். தாம் மருத்துவம் படித்திருந்தும் உடன்பிறந்தவர்களைக் காப்பாற்ற முடியவில்லையே என்ற வருத்தம் அவர் மனத்தை விட்டு நீங்கவில்லை. நோய்க்குக் காரணம் என்ன, உடலுக்குள் எந்தப் பொருள் குறைகிறது, அதை எப்படி அறிவது என்ற கேள்விகள் அவரைத் துரத்தின. அவற்றுக்கு விடை தேட வேண்டுமானால் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்தார்.

மாமனார் திரட்டிக் கொடுத்த பணமும், காக்கிநாடாவைச் சேர்ந்த அறக்கட்டளை ஒன்று தருவதாகச் சொன்ன உதவியும் அவருக்குத் துணிவைத் தந்தன. சில ஆண்டுகளில் திரும்பிவிடலாம் என்ற எண்ணத்துடன், 1920களின் தொடக்கத்தில் இளம் மனைவியை ஊரில் விட்டுவிட்டு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். அவர் மீண்டும் தாய்நாட்டைப் பார்க்கவே இல்லை. அவருடைய ஒரே மகனும் குழந்தைப் பருவத்திலேயே இறந்துபோனான்.

பாஸ்டனில் இரவு வேலை

பாஸ்டன் நகரில் உள்ள ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் சுப்பாராவ் சேர்ந்தார். சென்னையில் பெற்ற சான்றிதழுக்கு அங்கே மதிப்பில்லாததால் மருத்துவராக வேலை செய்ய முடியவில்லை. வயிற்றுப்பாட்டுக்கு வேறு வழி தேட வேண்டியிருந்தது. பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் இரவுநேரப் பணியாளராகச் சேர்ந்தார். நோயாளிகளின் மலசலப் பாத்திரங்களைக் கழுவுவதும் அவருடைய வேலைகளுள் ஒன்று. பகலில் வகுப்பு, இரவில் அந்த வேலை என்று நாள்கள் கழிந்தன.

வெப்பமண்டல மருத்துவத்தில் பட்டயம் பெற்ற பிறகு, ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியின் உயிர்வேதியியல் துறையில் அவருக்கு இடம் கிடைத்தது. அந்தத் துறையின் தலைவர் ஓட்டோ ஃபோலின். இரத்தத்தில் உள்ள சர்க்கரையை அளப்பதற்கு எளிய முறை ஒன்றைச் சீனாவிலிருந்து வந்த மாணவர் வூ சியனுடன் சேர்ந்து சில ஆண்டுகளுக்குமுன் உருவாக்கியவர் அவர்தான். சிறிதளவு இரத்தத்தை எடுத்து, வேதிப்பொருள்களைக் கலந்து, தோன்றும் நீல நிறத்தின் அடர்த்தியைக் கொண்டு சர்க்கரையின் அளவைக் கண்டறிவது அந்த முறை. இன்சுலின் மருந்து 1922ஆம் ஆண்டு முதன்முதலாக நீரிழிவு நோயாளிக்குச் செலுத்தப்பட்டது. அந்த மருந்தை எவ்வளவு கொடுப்பது என்று தெரிந்துகொள்ள, இரத்தச் சர்க்கரையை அளக்கும் இத்தகைய முறைகள் மருத்துவர்களுக்குத் தேவைப்பட்டன. இரத்தத்தை எண்களாக மாற்றிப் படிக்கும் கலை அந்தத் துறையில்தான் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது.

சரியான ஆசிரியர்களுக்கு நடுவில், சரியான நேரத்தில், சுப்பாராவ் வந்து சேர்ந்திருந்தார்.

நீல நிறம்

அத்துறையின் பேராசிரியர்களுள் ஒருவரான சைரஸ் ஃபிஸ்க்கின் கீழ்ச் சுப்பாராவ் வேலையைத் தொடங்கினார். அவருக்குக் கொடுக்கப்பட்ட பணி, இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை அளப்பதற்கு நம்பகமான முறை ஒன்றைக் கண்டுபிடிப்பது. இரத்தத்தில் பாஸ்பரஸ் மிகச் சிறிய அளவில், நூறு மில்லிலிட்டருக்குச் சில மில்லிகிராம் என்ற அளவில்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சிறிய அளவு கூடினாலும் குறைந்தாலும் அது ஏதோ ஒரு நோயைச் சுட்டிக்காட்டும். எலும்பு வலுவிழக்கும்போது அது மாறும். சிறுநீரகம் பழுதடையும்போது அது கூடும்.

அப்போது இருந்த முறைகளில் நிறம் விரைவில் மங்கிப்போவது போன்ற குறைகள் இருந்தன. சுப்பாராவும் ஃபிஸ்க்கும் பல்வேறு வேதிப்பொருள்களைச் சோதித்துப் பார்த்தார்கள். முதலில் இரத்தத்திலிருந்து புரதத்தைப் பிரித்து நீக்கினார்கள். எஞ்சிய தெளிந்த நீரில் மாலிப்டேட் என்னும் உப்பைச் சேர்த்தார்கள். பின்னர் நிறத்தை உண்டாக்கும் இன்னொரு பொருளைக் கலந்தார்கள். நீர் நீல நிறமாக மாறியது. பாஸ்பரஸ் அதிகமாக இருந்தால் நீலம் அடர்ந்து தெரியும். குறைவாக இருந்தால் வெளிறித் தெரியும். அளவு தெரிந்த ஒரு கரைசலின் நிறத்துடன் அதை ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். நோயாளியின் இரத்தத்தில் பாஸ்பரஸ் எவ்வளவு என்பது தெரிந்துவிடும்.

இந்த முறை 1925இல் வெளியிடப்பட்டது. ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை என்ற பெயரில் உலகெங்கும் உள்ள ஆய்வுக்கூடங்களுக்கு அது பரவியது. அறிவியல் உலகில் பிற ஆய்வாளர்களால் மிக அதிகமாக எடுத்துக்காட்டப்பட்ட கட்டுரைகளுள் அந்தக் கட்டுரையும் ஒன்றாயிற்று. அதற்கு அடுத்த ஆண்டு, 1926இல்தான், ஊட்ரம் பகுதியில் சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையின் புதிய கட்டடங்கள் திறக்கப்பட்டன. நோயாளியின் நாடியையும் நாக்கையும் பார்த்து நோயைக் கணித்த மருத்துவம், ஆய்வுக்கூடத்தின் எண்களையும் துணைக்கு அழைக்கத் தொடங்கிய காலம் அது.

உயிரணுவின் எரிபொருள்

சுப்பாராவின் அடுத்த கண்டுபிடிப்பு, ஒரு சிறிய தாமதத்திலிருந்து பிறந்தது. தசையிலிருந்து எடுத்த சாற்றில் தம் முறையைப் பயன்படுத்தியபோது, நீல நிறம் உடனே முழுமையாகத் தோன்றவில்லை. நேரம் செல்லச் செல்ல மெதுவாக அடர்ந்துகொண்டே போனது. இன்னொருவராக இருந்தால் சோதனையில் ஏதோ பிழை என்று ஒதுக்கியிருக்கலாம். சுப்பாராவும் ஃபிஸ்க்கும் அப்படிச் செய்யவில்லை. நிறம் மெதுவாக அடர்கிறது என்றால், ஏதோ ஒரு பொருள் சிறிது சிறிதாக உடைந்து பாஸ்பரஸை வெளிவிடுகிறது என்று ஊகித்தார்கள். அந்தப் பொருளைத் தேடிப் பிரித்தெடுத்தார்கள். அதுதான் பாஸ்போகிரியேட்டின். இந்தக் கண்டுபிடிப்பு 1927இல் வெளிவந்தது.

தசை எவ்வாறு ஆற்றல் பெறுகிறது என்பது பற்றி அதுவரை வேறு கருத்து நிலவியது. தசையில் உண்டாகும் லாக்டிக் அமிலமே அதைச் சுருங்கச் செய்கிறது என்று அறிஞர்கள் நம்பினார்கள். தசை ஆய்வுக்காக 1922ஆம் ஆண்டின் நோபெல் பரிசு இருவருக்கு வழங்கப்பட்டிருந்தது. பாஸ்போகிரியேட்டின் கண்டறியப்பட்டபின் அந்தக் கருத்து நிலைக்கவில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1929இல், தசையிலிருந்து மற்றொரு பொருளையும் அவர்கள் பிரித்தெடுத்தார்கள். அதன் பெயர் அடினோசின் டிரைபாஸ்பேட். சுருக்கமாக அதை ஏ.டி.பி. என்பார்கள். அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமன் என்ற அறிஞரும் அதைத் தனியாகக் கண்டுபிடித்தார். உண்ணும் உணவிலிருந்து கிடைக்கும் சர்க்கரை உயிரணுக்களில் எரிந்து, அதன் ஆற்றல் ஏ.டி.பி.யாக மாறுகிறது. இதயம் துடிப்பதற்கும், கை அசைவதற்கும், மூளை சிந்திப்பதற்கும் அதுவே செலவாகிறது. அதைக் கையில் இருக்கும் சில்லறைக் காசு என்று கொண்டால், பாஸ்போகிரியேட்டின் அவசரத்துக்கு உதவும் உண்டியல் போன்றது.

பக்கவாதத்தில் நடப்பது என்ன என்பதை இந்தக் கண்டுபிடிப்பு நமக்கு விளக்குகிறது. மூளையின் எடை, உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடுதான். ஆனால் உடல் பயன்படுத்தும் உயிர்வாயுவில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை மூளையே எடுத்துக்கொள்கிறது. அது தனக்கென்று எரிபொருளைச் சேமித்து வைப்பதும் மிகக் குறைவு. இரத்தக் குழாய் அடைபட்டால், உயிர்வாயுவும் சர்க்கரையும் நின்றுபோகின்றன. உண்டியல் முதலில் காலியாகிறது. அடுத்த சில நிமிடங்களில் சில்லறைக் காசும் தீர்ந்துவிடுகிறது. அடைப்பின் நடுப்பகுதியில் உள்ள உயிரணுக்கள் இறக்கத் தொடங்குகின்றன. அவற்றைச் சுற்றியுள்ள உயிரணுக்கள் மட்டும், பக்கத்திலிருந்து கசிந்து வரும் சிறிதளவு இரத்தத்தை நம்பி, உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கும். மருத்துவர்கள் விரைந்து காப்பாற்ற முயல்வது இந்த உயிரணுக்களைத்தான்.

அந்த நேரத்தில் இரத்தத்தில் சர்க்கரை அதிகமாக இருந்தால் என்ன ஆகும்? எரிபொருள் கூடுதலாக இருப்பது நல்லதுதானே என்று தோன்றலாம். உண்மை அதற்கு நேர்மாறானது. உயிர்வாயு இல்லாத இடத்தில் சர்க்கரை முழுமையாக எரியாது. அது லாக்டிக் அமிலமாக மாறித் தேங்கும். சர்க்கரை கூடக் கூட அமிலமும் கூடும். ஏற்கெனவே போராடிக்கொண்டிருக்கும் உயிரணுக்களை அது மேலும் வாட்டும். அடைப்பைக் கரைத்தபின் மூளையில் இரத்தக் கசிவு ஏற்படும் ஆபத்தும் கூடும். எனவேதான் பக்கவாதச் சிகிச்சைக்கு முன்பும் பின்பும் இரத்தச் சர்க்கரையை மருத்துவர்கள் கவனமாகக் கண்காணிக்கிறார்கள். கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி அளவைக் காட்டும் மற்றோர் இரத்தப் பரிசோதனையும் செய்வதுண்டு. சர்க்கரை நெடுநாளாகவே கூடியிருந்ததா, பக்கவாதத்தின் அதிர்ச்சியால் அன்று மட்டும் கூடியதா என்பதை அது தெளிவாக்கும்.

லெடர்லி ஆய்வுக்கூடத்தில்

சுப்பாராவ் 1930இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றார். இவ்வளவு பெரிய கண்டுபிடிப்புகளில் பங்குபெற்றிருந்தும், அங்கே அவருக்கு நிலையான பேராசிரியர் பதவி கிடைக்கவில்லை. ஆண்டுகள் கடந்தன. 1940இல் அவர் ஹார்வர்டை விட்டு விலகி, நியூயார்க் மாநிலத்தில் உள்ள லெடர்லி ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். விரைவிலேயே அதன் ஆராய்ச்சி இயக்குநரானார்.

அங்கே அவர் பல துறை அறிஞர்களை ஒரே குழுவாக இணைத்து வேலை வாங்கினார். அந்தக் குழு முதலில் எடுத்துக்கொண்ட வேலைகளுள் ஒன்று, கல்லீரலில் உள்ள ஒரு சத்தைப் பிரித்தெடுப்பது. அதற்குச் சில ஆண்டுகளுக்குமுன், பம்பாயின் துணி ஆலைகளில் வேலை செய்த கர்ப்பிணிப் பெண்களுக்கு ஏற்பட்ட இரத்தசோகையை லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் ஆராய்ந்திருந்தார். ஈஸ்டிலும் கல்லீரலிலும் உள்ள ஏதோ ஒரு சத்து அதைக் குணப்படுத்துகிறது என்று அவர் கண்டறிந்திருந்தார். அந்தச் சத்து எது என்பது தெரியாமல் இருந்தது. சுப்பாராவின் குழு, 1945இல் அதை ஆய்வுக்கூடத்திலேயே செயற்கையாக உருவாக்கிக் காட்டியது. அதுதான் ஃபோலிக் அமிலம். இன்று உலகெங்கும் கர்ப்பிணிப் பெண்களுக்கு இது கொடுக்கப்படுகிறது.

ஃபோலிக் அமிலம் மற்றொரு நோயையும் குணப்படுத்தியது. அதுதான் ஸ்புரு. சுப்பாராவின் சகோதரர்கள் இருவரின் உயிரைப் பறித்த அதே நோய். அவர்கள் இறந்து ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, அவர்களுக்குக் கிடைக்காத மருந்து உலகுக்குக் கிடைத்தது.

அதே ஆய்வுக்கூடத்தில் பெஞ்சமின் டக்கர் என்ற முதிய தாவரவியல் அறிஞர் மண்ணிலிருந்து எடுத்த நுண்ணுயிர் ஒன்றை ஆராய்ந்துகொண்டிருந்தார். சுப்பாராவ் அவருக்கு ஊக்கமளித்தார். அதிலிருந்து ஆரியோமைசின் என்ற மருந்து பிறந்தது. டெட்ராசைக்ளின் எனப்படும் மருந்துக் குடும்பத்தின் முதல் மருந்து அது. ஸ்புரு நோய்க்கு இன்று தரப்படும் சிகிச்சையில் ஃபோலிக் அமிலத்துடன் டெட்ராசைக்ளின் மருந்தும் சேர்த்துக் கொடுக்கப்படுகிறது. அந்தச் சிகிச்சையின் இரு பகுதிகளும் சுப்பாராவ் வழிநடத்திய கூடத்தில் வேர்விட்டவை.

யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுக்களுக்கு எதிரான மருந்தையும் அவருடைய குழு கண்டுபிடித்தது. ஃபோலிக் அமிலத்தின் செயலைத் தடுக்கும் பொருள்களையும் உருவாக்கியது. பாஸ்டனைச் சேர்ந்த மருத்துவர் சிட்னி ஃபார்பர், அத்தகைய பொருள் ஒன்றை இரத்தப் புற்றுநோயால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அவர்களுள் சிலருக்கு நோய் சில காலம் தணிந்தது. புற்றுநோயை மருந்தால் எதிர்க்க முடியும் என்ற நம்பிக்கைக்கு அது வித்திட்டது. அந்த வரிசையில் வந்த மெத்தோட்ரெக்சேட் என்னும் மருந்து, இன்றும் பயன்பாட்டில் உள்ளது.

பேசப்படாத பெயர்

இவ்வளவு செய்தும் சுப்பாராவ் புகழைத் தேடவில்லை. குழுவின் வெற்றியைத் தம் வெற்றியாகக் காட்டிக்கொள்ளாமல் பின்னால் நின்றார். அமெரிக்கக் குடியுரிமையும் பெறவில்லை. அமெரிக்காவில் அவர் எப்போதும் அயல்நாட்டவராகவே வாழ்ந்தார். ஊரில் மனைவி சேஷகிரி அவருக்காகக் காத்திருந்தார்.

1948ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், உறக்கத்திலேயே மாரடைப்பால் அவர் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 53. இந்தியா விடுதலை பெற்று ஓராண்டுகூட நிறைவடைந்திருக்கவில்லை. பிற்காலத்தில் ஒரு பூஞ்சை இனத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அவருடைய நூற்றாண்டையொட்டி 1995இல் இந்திய அரசு அஞ்சல்தலை வெளியிட்டது. ஆயினும், அவருடைய மருந்துகளால் பிழைத்தவர்களுள் பெரும்பாலோருக்கு அவர் பெயர் தெரியாது.

சிங்கப்பூர் 2016இல் நீரிழிவு நோய்க்கு எதிரான போரை அறிவித்தது. நீரிழிவு, பல ஆண்டுகள் ஓசையில்லாமல் இரத்தக் குழாய்களைச் சேதப்படுத்தி, பக்கவாதத்துக்கும் சிறுநீரகச் செயலிழப்புக்கும் வழிவகுக்கக்கூடியது. வலி தெரியாத அந்த நோயை முதலில் காட்டிக்கொடுப்பது இரத்தப் பரிசோதனைதான். சிறுநீரகம் பழுதடைந்தவர்களின் இரத்தத்தில் பாஸ்பரஸ் கூடியிருக்கிறதா என்று இன்றும் பார்க்கிறார்கள். சாதனங்கள் மாறிவிட்டன, கண்ணால் நிறத்தை ஒப்பிட்டுப் பார்த்த வேலையை இப்போது இயந்திரங்கள் செய்கின்றன. ஆனால் இரத்தத்தைக் கேட்டு, அது சொல்வதை நம்பி, அதற்கேற்பச் செயல்படுவது என்ற வழி மாறவில்லை.

பக்கவாதத்திலிருந்து மீண்ட முதியவர் ஒருவர், மருத்துவமனையின் உடற்பயிற்சிக் கூடத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஓர் அடி எடுத்து வைக்கிறார். பக்கத்தில் நிற்கும் பிள்ளைகள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்க்கிறார்கள். அந்த ஓர் அடிக்காக அவருடைய தசை செலவிடும் ஆற்றலைத்தான், மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தோற்ற பீமவரத்து இளைஞர், ஒரு குடுவையில் மெதுவாக அடர்ந்த நீல நிறத்தைக் கவனித்துக் கண்டறிந்தார்.